சீருடை மாறினாலும் ஆள் மாறவில்லை: எங்கள் நிறுவனத் தலைமைக்கு ஒரு திறந்த மடல்

நிறுவனத்தின் தலைமைக்கும், மனிதவளத் துறைக்கும், பெங்களூரு வளாகத்தின் நிர்வாகப் பிரிவுக்கும்,

வணக்கம்.

நிறுவன நாள் மலருக்காக ஊழியர்கள் தங்கள் அனுபவங்களை எழுதித் தர வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். இங்கே வேலை செய்ததில் வாழ்க்கை எப்படி மாறியது, யார் துணை நின்றார்கள் என்பதை ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதச் சொன்னது அந்த மின்னஞ்சல். எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. அதில் பெரும்பங்கு, அந்த மின்னஞ்சல் போய்ச் சேராதவர்களைப் பற்றியது. அவர்களுக்கு நிறுவன மின்னஞ்சல் முகவரி கிடையாது. ஆகவே மலருக்கு அனுப்பாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். ஒயிட்ஃபீல்டிலோ வெளிவட்டச் சாலையிலோ எலக்ட்ரானிக் சிட்டியிலோ இருக்கும் எந்தப் பெரிய நிறுவனத்தின் தலைமை படித்தாலும் தங்களுக்கு எழுதியதாகவே எடுத்துக்கொள்ளட்டும்.

முதலில் நன்றி. இதை நான் சம்பிரதாயத்துக்காகச் சொல்லவில்லை.

2021 மே மாதம் பெங்களூரு எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். ஆக்சிஜன் கிடையாது, படுக்கை கிடையாது, சுடுகாட்டிலும் வரிசை. என் அப்பா கோலார் தங்கவயலில், ராபர்ட்சன்பேட்டை வீட்டில் இருந்தார். அவருடைய ஆக்சிஜன் அளவு எண்பத்தைந்துக்குக் கீழே இறங்கிய இரவில், நம் நிறுவனத்தின் கொரோனா உதவி எண்ணை அழைத்தேன். பேசியவர் ஹைதராபாத் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்பவர். அதற்கு முன்பு அவர் குரலைக் கேட்டதுகூட இல்லை. அவரும் இன்னும் சிலரும் ஒரு எக்செல் தாளை வைத்துக்கொண்டு விடிய விடிய ஒவ்வொரு மருத்துவமனையாக அழைத்துக்கொண்டிருந்தார்கள். மருத்துவமனையின் பெயர், காலியான படுக்கை, ஆக்சிஜன் இருப்பு, கடைசியாக யார், எத்தனை மணிக்கு அழைத்துக் கேட்டார்கள் என்று கட்டம் கட்டமாக அந்தத் தாளில் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு வரியாகச் சிவப்பாகிக்கொண்டு வந்தது. விடியும் நேரத்தில் ஒரே ஒரு வரி பச்சையானது. "அப்பாவின் ஆதார் நகலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள் அம்மா, ஆம்புலன்ஸ் டிரைவரின் எண்ணை அனுப்புகிறேன்" என்றார் அந்தக் கணக்குப் பிரிவுக்காரர். பெற்றோருக்கும் சேர்த்து நீங்கள் எடுத்து வைத்திருந்த மருத்துவக் காப்பீடு, மருத்துவமனைச் செலவில் பெரும்பகுதியைக் கட்டியது. அப்பா இன்று மார்க்கெட்டுக்கு நடந்துபோய்க் காய்கறி வாங்கி வருகிறார்.

என் மகள் 2018-இல் பிறந்தாள். மகப்பேறு நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்ட பிறகு 26 வாரச் சம்பளத்துடன் கூடிய விடுப்பும், ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் கட்டாயமாயின. சட்டம் எழுதியிருப்பதை மட்டும் செய்துவிட்டு நிறுத்திக்கொள்ளும் நிறுவனங்களை நான் அறிவேன். தாய் ஒரு நாளில் நான்கு முறை காப்பகத்துக்குப் போய்க் குழந்தையைப் பார்க்கலாம் என்று அந்தச் சட்டம் சொன்னது. காகிதத்தில் இருக்கும் அந்த நான்கு முறையை நடைமுறையில் எனக்குக் கொடுத்தவர் என் அப்போதைய மேலாளர். எல்லாக் கூட்டங்களையும் அந்த நேரங்களை விட்டுவிட்டு வைத்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் யாரிடமும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.

என் அணியில் மதுரையைச் சேர்ந்த தம்பி ஒருவர் இருக்கிறார். பார்வையற்றவர். அவர் சேர்ந்தபோது திரையில் இருப்பதைப் படித்துக் காட்டும் மென்பொருளை வாங்கிக் கொடுத்ததோடு நீங்கள் நிற்கவில்லை. வருகைப்பதிவு செயலியை அந்த மென்பொருளால் படிக்க முடியவில்லை என்று அவர் எழுதிய ஒரு கடிதத்துக்காக அந்தச் செயலியையே திருத்தி எழுதினீர்கள். "இதுவரை எனக்காக மற்றவர்கள் பொத்தானை அழுத்துவார்கள். என் வருகையை நானே பதிவு செய்தது இங்கேதான் அக்கா" என்று அவர் என்னிடம் சொன்னார். மலருக்கு அவர் தனியாக எழுதியிருப்பார். எழுதாவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

பெரிய கம்பெனி என்றால் எப்படி இருக்கும் என்பது எங்கள் குடும்பத்துக்குப் புதிதல்ல. என் தாத்தா குடியாத்தம் பக்கத்திலிருந்து தங்கவயலுக்குப் போனவர். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பூமிக்கு அடியில் வேலை செய்தார். அந்த ஊரில் எல்லாமே கம்பெனிதான். லைன் வீடு கம்பெனியுடையது, ஆஸ்பத்திரி கம்பெனியுடையது, பள்ளிக்கூடமும் அப்படியே. சிவனசமுத்திரத்தில் உற்பத்தியான மின்சாரம் 1902-லேயே சுரங்கத்துக்கு வந்த ஊர் அது. கல்தூசி சுவாசப்பையில் படிந்து இருமிக்கொண்டே செத்தவர்களும் அந்த ஊரில் உண்டு. என் தாத்தா அவர்களில் ஒருவர். 2001 பிப்ரவரி இறுதியில் சுரங்கம் மூடப்பட்டபோது நான் பள்ளி மாணவி. ஆஸ்பத்திரி, கிளப், கேன்டீன் என்று கம்பெனி நிழலில் இருந்த ஒவ்வொன்றும் சுருங்கிப் போனது. ஒவ்வொரு வீட்டிலும் அப்போது தேடி எடுத்தது ஒரே ஒரு காகிதக் கட்டைத்தான்: வேலைக்குச் சேர்ந்த தேதி, பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) எண், கிராஜுவிட்டி என்னும் பணிக்கொடைக் கணக்கு. அன்போடு செய்த உதவி, செய்யும் இடம் இருக்கும்வரைதான் இருக்கும். ஏட்டில் எழுதிவைத்த பணிக்காலம் அதற்குப் பிறகும் செல்லும் என்பதை அந்த ஆண்டில் எங்கள் ஊர் முழுவதும் கற்றுக்கொண்டது. நான் இந்த மடலில் கேட்கப்போவது அந்தப் பணிக்காலத்தைத்தான்.

சுரங்கம் மூடிய பிறகு எங்கள் ஊரே பெங்களூரு ரயிலில் ஏறியது. மாரிக்குப்பத்தில் விடியற்காலை இருட்டில் புறப்பட்டு, சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று நின்று நின்று, பங்காருப்பேட்டை வழியாக ஒயிட்ஃபீல்டுக்கும் கே.ஆர்.புரத்துக்கும் வரும் ரயில்களில் தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் வருகிறார்கள். காவலாளிகள், துப்புரவுப் பணியாளர்கள், கேன்டீனில் பாத்திரம் தேய்ப்பவர்கள், கூரியர் தம்பிகள். பெரும்பாலும் தமிழ் பேசுகிறவர்கள். நம் வளாகத்தின் மூன்றாம் தளத்தைத் துப்புரவு செய்யும் அக்காவும் அவர்களில் ஒருவர். அவருடைய பெயரை எழுத அவர் சம்மதிக்கவில்லை. அதற்கு அவரிடம் நியாயம் இருக்கிறது. உரிகத்தில் ஏறி ஒயிட்ஃபீல்டில் இறங்குகிறார். கர்நாடக அரசு 2023 ஜூனில் சக்தி திட்டத்தில் பெண்களுக்குப் பஸ் பயணத்தை இலவசமாக்கிய பிறகு, ஸ்டேஷனிலிருந்து வளாகத்துக்கு ஷேர் ஆட்டோவுக்குக் கொடுத்த பணம் மிச்சமாகிறது என்பார். காலை ஏழு மணிக்குள் கைரேகை வைக்க வேண்டும்.

அக்கா நம் வளாகத்துக்கு வந்தது 2013-இல். நான் சேர்ந்தது 2012-இல். ஏறக்குறைய ஒரே காலத்து ஆட்கள் நாங்கள். என் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில், சேர்ந்த ஆண்டு 2012 என்று இருக்கிறது. அவருடைய அட்டையில் 2024 என்று இருக்கிறது.

காரணம் எளிமையானது. அவர் நம் ஊழியர் அல்ல. துப்புரவு ஒப்பந்தம் எடுத்தவரின் ஊழியர். ஒப்பந்தம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறு ஏலத்துக்கு வரும். 2017-இல் ஒருவர் போய் இன்னொருவர் வந்தார், 2020-இல் வேறொருவர், 2024-இல் மற்றொருவர். அக்காவின் புடவை மேல் போட்டுக்கொள்ளும் கோட்டு முதலில் பச்சையாக இருந்தது, பிறகு நீலமானது, பிறகு சாம்பல் நிறம், இப்போது அரக்கு. துடைக்கும் தரை அதேதான். எந்தக் குழாய் சொட்டும், எந்தக் கூட்ட அறையின் கதவு இடிக்கும், எந்த ஊழியருக்கு பினாயில் வாசம் ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். புதிதாக ஒப்பந்தம் எடுப்பவர் வந்தவுடன் மேற்பார்வையாளர், "பழைய ஆட்கள் யாரும் போக வேண்டாம், எல்லோரையும் எடுத்துக்கொள்கிறோம்" என்பார். அன்று எல்லோருக்கும் நிம்மதி. பிறகு ஒரு விண்ணப்பம், இரண்டு போட்டோ, ஆதார் நகல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம். விண்ணப்பத்தில் 'முன் அனுபவம்' என்ற இடத்தை மேற்பார்வையாளரே கோடு போட்டு அடித்துவிடுவார். அந்தக் கோட்டை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அக்கா படிவத்தை நிரப்ப என்னிடம் கொண்டுவந்தபோது பல ஆண்டு உழைப்பை அந்த இடத்தில் நான் எழுதினேன். மறுநாள் அந்தப் பக்கம் நீலமையில் குறுக்கே அடிக்கப்பட்டுத் திரும்பி வந்தது. "இது கம்பெனிக்குத் தேவையில்லை" என்றார்களாம்.

அந்த ஒரு கோட்டுக்கு என்ன விலை என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம், ஐந்து ஆண்டு தொடர்ந்து பணியாற்றியவருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் ஊதியம் என்று வகுத்தது. மாதத்துக்கு 26 வேலை நாள் என்பது கணக்கு. மாத ஊதியம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டொன்றுக்குச் சுமார் 8,650 ரூபாய். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்குச் சற்று மேலே வரும். அக்காவுக்கு இதுவரை கிடைத்தது எதுவும் இல்லை. எந்த ஒப்பந்ததாரரிடமும் அவருடைய பணி ஐந்தாண்டைத் தொடவில்லை. யாரும் சட்டத்தை மீறவில்லை என்பதுதான் இதில் என்னை உறுத்துவது. ஒவ்வொருவரும் தங்கள் பங்குக்குச் சரியாகவே நடந்துகொண்டார்கள், இடையில் ஒரு பெண்ணின் பன்னிரண்டு ஆண்டுகள் காணாமல் போயின.

நம் நிறுவனத்துக்கு ஒரு லட்ச ரூபாய் என்ன என்று நான் கேட்க மாட்டேன். பணத்தை மதிக்கும் வீட்டில் வளர்ந்தவள் நான். உரிகத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு லட்சம் என்றால் என்ன என்பதை மட்டும் சொல்கிறேன்: மகளின் நர்சிங் படிப்புக்கு ஓராண்டு கட்டணம், வட்டிக்கு வாங்காத கட்டணம்.

பி.எஃப். கதை வேறு மாதிரி. 2014-இல் வந்த ஒரே கணக்கு எண் முறை, ஆள் எங்கே மாறினாலும் அதே எண் தொடரும் என்று சொன்னது. நல்ல ஏற்பாடு. ஆனால் நம் பெயர்கள் அதற்கு ஒத்துழைப்பதில்லை. தமிழருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்து உண்டு. ஆதாரில் அப்பா பெயர் முழுமையாக விரிந்திருக்கும், பி.எஃப். பதிவில் வெறும் ஓர் எழுத்தாக இருக்கும், வங்கியில் கணவர் பெயர் ஒட்டியிருக்கும். பொருந்தவில்லை என்றவுடன் புதிய ஒப்பந்ததாரரின் குமாஸ்தா சிரமப்படாமல் புதிதாக ஓர் எண்ணை உருவாக்கிவிடுவார். பழைய எண்ணில், வேலையை விட்ட தேதியை முந்தைய ஒப்பந்ததாரர் பதிந்திருக்க மாட்டார். பணம் அங்கேயே கிடக்கும். இங்கே மாற்றவும் முடியாது, எடுக்கவும் முடியாது. நானும் நம் அலுவலகத் தோழர்கள் சிலரும் மதிய உணவு நேரத்தில் உட்கார்ந்து இப்படிப்பட்ட கணக்குகளைச் சரிசெய்ய உதவுகிறோம். சிலருடைய பணம் திரும்பிக் கிடைத்திருக்கிறது. இன்னும் சிலருடைய பழைய ஒப்பந்ததாரரின் அலுவலகம் எங்கே இருக்கிறது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. உங்கள் கொள்முதல் பிரிவிடம் அந்த முகவரிகள் எல்லாம் கோப்பில் இருக்கும். நீங்கள் ஒரு கடிதம் எழுதினால் ஒரே வாரத்தில் முடியும் வேலை. நாங்கள் எழுதினால் யாரும் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை.

ஏன் சட்டத்தின் கதவைத் தட்டாமல் உங்களுக்கு எழுதுகிறேன் என்று நீங்கள் நினைக்கலாம். சட்டம் இந்த விஷயத்தில் நீண்ட தூரம் நடந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறது. 1970-இல் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1976 டிசம்பரில் மத்திய அரசு, தன் அதிகார வரம்புக்கு உட்பட்ட நிறுவனங்களின் கட்டடங்களைப் பெருக்குதல், துடைத்தல், காவல் காத்தல் ஆகிய வேலைகளில் ஒப்பந்தத் தொழிலாளர் முறையையே தடை செய்து அறிவிக்கை வெளியிட்டது. 2001 ஆகஸ்டில், இந்திய உருக்கு ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. ஒப்பந்த முறை தடை செய்யப்பட்டாலும் தொழிலாளர்கள் தாமாகவே நிரந்தர ஊழியர்களாகிவிட மாட்டார்கள் என்றும் தீர்ப்பளித்தது. ஆகவே அக்காவை நிரந்தர ஊழியராக்கும்படி உங்களை எந்தச் சட்டமும் நிர்ப்பந்திக்கவில்லை. நிர்ப்பந்தம் இல்லாத இடத்தில்தான் நல்ல நிறுவனத்தின் மனம் தெரியும். பார்வையற்ற தம்பிக்காகத் திருத்திய அந்தச் செயலியைச் சட்டத்துக்குப் பயந்தா எழுதினீர்கள்?

சட்டம் மற்ற சில இடங்களில் அட்டையின் நிறத்தைப் பார்ப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம், ஒப்பந்ததாரர் வழியாக வந்தவரையும் 'ஊழியர்' என்றே வரையறுக்கிறது. கர்நாடக அமைச்சரவை 2025 அக்டோபரில் ஒப்புதல் அளித்த மாதவிடாய் விடுப்புக் கொள்கை, மாதம் ஒரு நாள் வீதம் ஆண்டுக்குப் பன்னிரண்டு நாள் சம்பளத்துடன் விடுப்பு என்பதை ஒப்பந்தப் பெண்களுக்கும் சேர்த்தே பேசுகிறது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், பணியிடப் பாதுகாப்பு குறித்த தொகுப்பு, ஒப்பந்தத் தொழிலாளருக்கான ஓய்வறை, கேன்டீன், முதலுதவி போன்ற வசதிகளை முதன்மை வேலையளிப்பவரின் பொறுப்பாக வைக்கிறது. முதன்மை வேலையளிப்பவர் என்றால் நீங்கள்.

இந்த ஓய்வறை விஷயத்தில் நான் கோபப்படுகிறேன், மறைக்கவில்லை. நம் வளாகத்தில் தூங்குவதற்கான அறை உண்டு, யோகாவுக்கு உண்டு, தாய்ப்பால் எடுத்துவைக்கத் தனி அறை உண்டு. துப்புரவுப் பெண்கள் மதியம் டப்பாவைத் திறப்பது கீழ்த்தள வாகன நிறுத்தத்தில், ஜெனரேட்டர் அறைச் சுவரையொட்டி. பழைய அட்டைப் பெட்டிகளை விரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். காலை நான்கு மணிக்கு எழுந்து கட்டிக்கொண்டு வந்த புளிச்சோறு, டீசல் வாசத்தில். மேலே கேன்டீனில் மூன்று மணிக்குப் பிறகு பாதி மேசைகள் காலி. அவர்கள் அங்கே உட்காரக் கூடாது என்று எழுதப்பட்ட விதி எதுவும் இல்லை என்று நிர்வாகப் பிரிவு எனக்குப் பதில் சொன்னது. எழுதப்படாத விதி இருக்கிறது. அதை நீக்க, எழுதப்பட்ட அறிவிப்பு ஒன்று வேண்டும்.

சட்டத் துறையில் இருக்கும் தோழி ஒருவர் இன்னொரு தயக்கத்தை எனக்கு விளக்கினார். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு நிறுவனம் நேரடியாக அதிகம் செய்தால், நாளைக்கு யாராவது நீதிமன்றம் போய் 'இந்த ஒப்பந்தமே போலி, உண்மையில் நாங்கள் இவர்களுடைய ஊழியர்கள்' என்று வாதிடலாம். அந்தப் பயத்தில்தான் பெரிய நிறுவனங்கள் எட்டி நிற்கின்றன என்றார். பயம் நியாயமானதுதான், நான் அதை அலட்சியப்படுத்தவில்லை. ஆனால் நான் முதலில் கேட்பதை நீங்கள் நேரடியாகச் செய்ய வேண்டியதில்லை. ஒப்பந்தப்புள்ளியின் நிபந்தனைகளில் சேர்த்தால் போதும். தீயணைப்புப் பயிற்சி, காவல்துறைச் சான்று, சீருடைத் துணியின் தரம் வரை அந்த நிபந்தனைகளில் எழுதுகிறீர்கள். அதே பக்கத்தில், இந்த வளாகத்தில் ஏற்கெனவே வேலை செய்பவரை எடுத்துக்கொள்ளும்போது அவருடைய முதல் சேர்ந்த தேதியையே பதிய வேண்டும், பணிக்கொடைக்கும் விடுப்புக்கும் அந்தத் தேதியிலிருந்து கணக்கிட வேண்டும் என்று எழுதுங்கள். விலகும் ஒப்பந்ததாரர், ஒவ்வொருவருக்கும் அதுவரை சேர்ந்த பணிக்கொடைத் தொகையை, வருபவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் கடைசி பில்லுக்குப் பணம் பெறலாம் என்று எழுதுங்கள். பி.எஃப். கணக்கில் வெளியேறிய தேதி பதியப்பட்டதற்கான சான்றையும் அதோடு கேளுங்கள். செலவு ஒப்பந்த விலையில் ஏறும். மேலே போட்ட கணக்குப்படி மாதம் 15,000 ரூபாய் ஊதியத்துக்கு மாதம் சுமார் 720 ரூபாய். நாம் ஒரு வாடிக்கையாளர் கூட்டத்துக்கு வரவழைக்கும் பூங்கொத்தின் விலை அதைவிட அதிகம்.

நம்மால் முடியும் என்பதற்கு வேறு எங்கும் சாட்சி தேட வேண்டாம். 2021-இல் வளாகத்தின் பெரிய அரங்கில் நடந்த தடுப்பூசி முகாமை நினைத்துப் பாருங்கள். வெளியே ஊசிக்கு அலைந்துகொண்டிருந்த நேரம். நீங்கள் வைத்த வரிசை ஒன்றுதான். துணைத்தலைவருக்குப் பின்னால் கேன்டீன் தம்பி நின்றார், அவருக்குப் பின்னால் காவலாளி, அவருக்குப் பின்னால் நான். ஆதார் எண்ணைக் கேட்டார்கள், எந்தக் கம்பெனி என்று யாரும் கேட்கவில்லை. அந்த முகாமில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் இன்றும் அதைச் சொல்கிறார்கள். ஊரில் யார் நம் நிறுவனத்தைப் பற்றி விசாரித்தாலும், "ஊசி போட்டார்களே, அந்தக் கம்பெனி" என்பார் அக்கா. நீங்கள் மலரில் போட விரும்பும் அனுபவம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அவரிடம் யாரும் கேட்கவில்லை.

இன்னொரு வழி, செலவே இல்லாதது. வாரத்தில் மூன்று நாள் மட்டும் அலுவலகம் வந்தால் போதும் என்றான பிறகு, குழந்தைகள் காப்பகத்தில் திங்களும் வெள்ளியும் பாதித் தொட்டில்கள் காலியாக இருக்கின்றன. பணிப்பெண்ணுக்குச் சம்பளம் கொடுக்கிறீர்கள், பால் வாங்குகிறீர்கள், ஏ.சி. ஓடுகிறது. கேன்டீனில் சப்பாத்தி தேய்க்கும் ஓர் இளம்பெண், கடுகோடியில் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் மாதம் ஒரு தொகை கொடுத்து ஒன்றரை வயதுக் குழந்தையை விட்டுவிட்டு வருகிறார். பாட்டிக்கு உடம்பு சரியில்லாத நாளில் அவருக்கு அன்றைய கூலி போய்விடும். அந்தக் காலித் தொட்டில்களைத் திறந்துவிடுங்கள். பங்குச் சந்தையில் பட்டியலிட்ட பெரிய நிறுவனங்கள், அந்தச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்புக்கு ஆண்டுதோறும் தரும் பொறுப்புடைமை அறிக்கையில், மருத்துவக் காப்பீடு, மகப்பேறு, குழந்தைக் காப்பகம் ஆகியவை நிரந்தர ஊழியருக்கு எத்தனை பேருக்கு, நிரந்தரமல்லாதவருக்கு எத்தனை பேருக்கு என்று தனித்தனி வரிசை இருக்கிறது. சந்தை மதிப்பில் முதல் ஆயிரம் நிறுவனங்களுக்கு 2022-23 முதல் அது கட்டாயம். இரண்டாவது வரிசையில் பெருமையோடு ஓர் எண்ணைப் போட உங்களுக்கும் ஆசை இருக்கும் என்று நம்புகிறேன்.

தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ. பற்றிச் சுருக்கமாக. மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுபவர்கள் அதில் வருகிறார்கள். நோயில் படுத்தால் ஊதியத்தில் எழுபது சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும் என்பது நம் வளாகத்துப் பெண்களில் பலருக்கும் தெரியாது. அட்டை கையில் இல்லாதவர்களும் இருக்கிறார்கள். பிடித்தம் மட்டும் சம்பளச் சீட்டில் தெரிகிறது. மனிதவளத் துறை ஒரு மதியம் கீழே இறங்கி வந்து, தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் இதை விளக்கிச் சொன்னால் போதும். நான் தமிழில் சொல்லத் தயார்.

எனக்குப் பத்தாண்டு நிறைவானபோது நீங்கள் அனுப்பிய கடிதத்தை அப்பா கண்ணாடிச் சட்டம் போட்டு, தாத்தாவின் சுரங்கச் சான்றிதழுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். 'உங்கள் பத்தாண்டு உழைப்பு இந்த நிறுவனத்தைக் கட்டியெழுப்பியது' என்று அதில் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டுவார். அந்த வாக்கியம் எனக்குப் பொருந்தும் அளவுக்கு அக்காவுக்கும் பொருந்தும். அவர் துடைத்த தரையில்தான் நான் அந்தப் பத்தாண்டும் நடந்தேன். அப்படி ஒரு கடிதத்தை அவருக்கு எழுத உங்களுக்கு ஒரு தேதி வேண்டும். அந்தத் தேதி 2013-இல் இருக்கிறது. வளாகப் பாதுகாப்புப் பிரிவின் பழைய வருகைப் பதிவேடுகளில் அவருடைய கைரேகையோடு இருக்கிறது.

இப்போதைய துப்புரவு ஒப்பந்தம் வரும் மார்ச்சுடன் முடிகிறது என்று அறிகிறேன். புதிய ஒப்பந்தப்புள்ளியின் நிபந்தனைகளை அதற்குச் சில மாதங்கள் முன்பே கொள்முதல் பிரிவு எழுதி முடித்துவிடும். அதற்குள் முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது. மார்ச்சைத் தாண்டினால் இன்னொரு நிறச் சீருடையும் இன்னொரு புதிய தேதியும் வந்துவிடும். எங்கள் அணியிலிருந்தும் சட்டப் பிரிவிலிருந்தும் சிலர், தங்கள் சொந்த நேரத்தில் அந்த நிபந்தனைகளின் வரைவை எழுதித் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். முதல் வரைவு தயாராக இருக்கிறது. அதைக் கொண்டுவந்து உங்கள் முன் வைக்க ஒரு மணி நேரம் கொடுங்கள். துப்புரவுப் பெண்களில் இருவர் எங்களோடு வருவார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கு அவர்களுக்குக் கூலி பிடிக்கக் கூடாது என்று மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
2012 முதல் உங்கள் பெங்களூரு வளாகத்தில் பணியாற்றும்
ஊழியர் ஒருத்தி